வேலை செய்கிற இடத்தில் மனம் ஏன் நொந்துபோகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வருடம் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்த்தேன். முதலில் சேல்ஸ் ஆபீசர், அப்புறம் ஒரு சின்ன டவுன் கிளையில் துணை மேலாளர். ஒரு மார்ச் மாதக் கடைசியில், வேறு வேலை கையில் இல்லாமலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் கூப்பிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். ஜவுளிக்கடை, ஐ.டி., மில், ஆஸ்பத்திரி என்று இடம்தான் மாறியது. அவர்களுக்குச் சொன்னதையும், சொல்வதற்காகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

டென்ஷன் இல்லாத வேலை எங்கே இருக்கிறது? இதைப் போய் மனக் காயம் என்று சொல்லலாமா?

டென்ஷன் வேறு, காயம் வேறு. கல்யாண சமையல் மாஸ்டரைப் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி அவருக்குத் தூக்கம் கிடையாது, ஆயிரம் இலைக்குச் சாம்பார் காணுமா என்ற பதற்றம், கையாட்கள் மேல் எரிந்து விழுவார், சிலிண்டர் தீர்ந்தால் கத்துவார். ஆனால் மறுநாள் கடைசிப் பந்தி எழுந்ததும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு மண்டபத்துப் பின்பக்கம் சாய்ந்துவிடுவார். வேலை முடிந்தது, பாரம் இறங்கியது. இறங்காத பாரத்தைத்தான் காயம் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைவது, போன் அடித்தால் நெஞ்சு படபடப்பது, பிள்ளை பக்கத்தில் நின்று ஏதோ கேட்பது காதில் விழாமலே உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால் அதற்கு டென்ஷன் என்ற வார்த்தை போதாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் 'பர்ன்அவுட்' என்பதற்கு விளக்கம் கொடுத்தது. தெம்பு முழுக்க வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன் மேல் கசப்பு வருவது, நம்மால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது என மூன்று அடையாளங்கள். இதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்றார்கள். சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்று காரணத்தை வேலையின் பக்கம் வைத்துவிட்டார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. கவனிக்காமல் விட்டால் இது மனச்சோர்வு, பதற்ற நோய் என்று மருத்துவரிடம் போயே தீர வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

மனசு பலவீனமாக இருப்பவர்களுக்குத்தானே இப்படி ஆகும்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்களில் பாதிப் பேர் தங்களைப் பற்றித்தான் கேட்டார்கள்.

எங்கள் கிளையில் ஒரு குறிப்பிட்ட நாற்காலி உண்டு, இன்சூரன்ஸ் விற்கும் பொறுப்பு. நான் இருந்த காலத்தில் அதில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் மாநில அளவில் கபடி ஆடியவர், ஒருவர் ராணுவக் குடும்பத்துப் பிள்ளை, ஒரு பெண் இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்த்தவர். இவர்களில் யாரையும் பலவீனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்தில் நான்கு பேர் தூக்க மாத்திரைக்கோ, ராஜினாமாவுக்கோ வந்து நின்றார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்த நாலு பேருக்கும் வயிற்றுப்போக்கு என்றால் கிணற்றைத்தானே பார்க்க வேண்டும்?

ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்கிறது. லண்டனில் அரசு ஊழியர்களை 1967-லிருந்து பின்தொடர்ந்த 'வைட்ஹால்' ஆய்வு மிகப் பிரபலம், மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் பொறுப்பு அதிகம், மாரடைப்பும் அவருக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பார்த்தால் தலைகீழாக இருந்தது, பதவிப் படியில் கீழே போகப் போக இதய நோயால் இறப்பவர்கள் அதிகமாக இருந்தார்கள். 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையைத் தானே கொஞ்சமும் தீர்மானிக்க முடியாத நிலைக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று தெரிந்தது. எல்லோரும் ஒரே ஊர், ஒரே அரசாங்கம், பெரும்பாலும் மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை. பதவியும் அதோடு வரும் சுதந்திரமும்தான் மாறின.

அப்படியென்றால் முக்கியமான காரணம் எது?

ஒன்றே ஒன்றைச் சொல் என்றால், வேலையும் நெருக்கடியும் ஏறிக்கொண்டே போக, அதை எப்படிச் செய்வது என்பதில் நமக்குப் பேச்சே இல்லாமல் போவதைச் சொல்வேன். 1979-இல் ராபர்ட் கராசெக் என்பவர் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். வேலை கடினமாக இருப்பது மட்டும் ஆளை உடைக்காது, கடினமான வேலையும் கட்டிப்போட்ட கையும் சேரும்போதுதான் உடைக்கும் என்பது அதன் சாரம்.

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு வந்தால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, பாத்ரூம் போக ஃப்ளோர் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், தலைக்கு மேலே கேமரா. ஐம்பது சேலை பிரித்துக் காட்டிய பிறகு வாங்காமல் போகிறவரைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். கால் வலி ஒரு பக்கம் இருக்கட்டும். தன் உடம்பு எப்போது உட்காரலாம், எப்போது ஒதுங்கலாம் என்பதைக்கூட இன்னொருவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற நிலை வருடக்கணக்கில் நீடித்தால் அது மனிதரை உள்ளுக்குள் சின்னதாக்கிவிடுகிறது. கோழிக்கோடு கடைத்தெருப் பெண்கள் இதற்காகப் போராடித்தான் கேரளத்தில் 2018-இல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று ஆக்கினார்கள். அடுத்த முறை தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

டார்கெட் வைக்காமல் வியாபாரம் நடக்குமா?

நடக்காது. டார்கெட் தப்பு என்று நான் சொல்லவில்லை. டவுனில் மொத்தம் இத்தனை சம்பளக்காரர்கள்தான், இத்தனை கடைகள்தான் என்று தெரிந்திருந்தும் போன வருடத்தை விட நாற்பது சதவீதம் கூட்டி மேலிருந்து அனுப்புவது டார்கெட் ஆகாது. எட்ட முடியாது என்று அனுப்புகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். தினமும் தோற்பதற்கென்றே ஒருவரை உட்கார வைக்கும் ஏற்பாடு அது.

இரவு 9:15 மணிக்கு ரிவ்யூ கால் வரும். ஏரியா மேனேஜர், பதினொரு கிளைகள், எல்லோரும் ஒரே லைனில். ஒவ்வொருவராக அன்றைய எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் என் முறை வந்தபோது "சைபர் சார்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்ட்டியா?" என்று கேட்டார். நான் உண்மையிலேயே அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து, "இப்பதான் சார் உக்காந்தேன்" என்றேன். "சைபர் போட்டுட்டு எப்படிடா தொண்டைல இறங்குது?" பத்துக் கிளை மேனேஜர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, தோசைக்கல் பக்கத்தில் நின்ற என் மனைவியும் கேட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த தோசையை நான் சாப்பிடவில்லை, அதற்குப் பிறகு வேலையை விடும் வரை இரவு 9:15-க்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்ததும் இல்லை.

இதை விட மோசமானது ஒன்று உண்டு. அந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காக நம்மை என்ன செய்ய வைக்கிறார்கள் என்பது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் டெபாசிட் போட வந்தார். பி.எஃப். பணம். அவருக்கு நான் வருடா வருடம் பணம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பாலிசியை விற்றேன். பொய் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் அதே தேதிக்கு வந்து, "தம்பி, வட்டி எப்ப வரும்?" என்று கேட்டார். தன் மனசாட்சிக்கு விரோதமான காரியத்தைப் பிழைப்புக்காகச் செய்ய வேண்டியிருப்பது தனி வகைக் காயம். போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களிடம்தான் மருத்துவர்கள் இதை முதலில் பெயர் வைத்துப் படித்தார்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெண்களிடம் குழுக்கடன் தவணைக்காகப் போய் நிற்க அனுப்பப்படும் வசூல் பையன்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குடிக்க ஆரம்பித்த கதையைக் கேட்டால் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

கண்டிப்பான மேலதிகாரி என்றால் திட்டத்தான் செய்வார். அதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா?

தவறு செய்தபோது, அந்தத் தவறைப் பற்றி, தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்சம் சூடாகச் சொன்னால் அது கண்டிப்பு. நாலு பேர் முன்னால், ஆளைப் பற்றி, அவர் பிறப்பைப் பற்றி, உடம்பைப் பற்றி, ஊரைப் பற்றிப் பேசினால் அது வேறு. சத்தம் போடாமலும் இதைச் செய்ய முடியும். டீக்குப் போகும்போது ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் போவது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிடுவது, மெயிலில் சேர்க்காமல் விட்டுவிட்டு "உனக்குத் தெரியாதா?" என்று கேட்பது. ஸ்வீடனில் வேலை பார்த்த ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 1980-களில் இதைத்தான் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு மாதமாவது ஒருவரையே குறிவைத்து இப்படி நடந்தால் என்று அதற்கு ஓர் அளவையும் வைத்தார். தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும், "என்னைக் காபிக்குக் கூப்பிடவில்லை" என்று போய் ஹெச்.ஆரிடம் சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் பாதிக்கப்பட்டவர் வாயைத் திறப்பதே இல்லை.

'குட்டக் குட்டக் குனிபவனும் முட்டாள்' என்று நம் ஊரில் சொல்வார்கள். எனக்கு இந்தப் பழமொழி பிடிக்காது. வீட்டுக் கடன் தவணை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், இரண்டு மாத நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டர் தராமல் இழுத்தடிப்பார்களோ என்ற பயம், இத்தனையும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது குனிந்து நிற்பவரை முட்டாள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இதெல்லாம் ஒரு கெட்ட மேனேஜரின் குணம். நிர்வாகமே திட்டம் போட்டுச் செய்யுமா?

செய்திருக்கிறது, நீதிமன்றத்தில் நிரூபணமும் ஆகியிருக்கிறது. பிரான்ஸ் டெலிகாம், இப்போது ஆரஞ்ச் என்ற பெயரில் இருக்கும் நிறுவனம். அரசு நிறுவனமாக இருந்து தனியார்மயமானது. 2006-லிருந்து சில வருடங்களில் 22,000 பேரைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அரசு ஊழியர் அந்தஸ்து இருந்ததால் வேலையை விட்டு நீக்க முடியாது. அதனால் அவர்களாகவே போகும்படி செய்தார்கள். லைன் போடும் டெக்னீஷியனை கால் சென்டரில் உட்கார வைப்பது, திரும்பத் திரும்ப இடமாற்றம், வேலையே தராமல் வைத்திருப்பது. தலைவராக இருந்த டிடியே லொம்பார், கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ ஆட்களை வெளியேற்றுவேன் என்று மேலதிகாரிகள் கூட்டத்தில் சொன்னது வழக்கில் வந்தது. நீதிமன்றம் விசாரித்தது 39 ஊழியர்களின் கதையை. அதில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள், மற்றவர்கள் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் லொம்பாரையும் மற்ற அதிகாரிகளையும் குற்றவாளிகள் என்றது, நிறுவனத்துக்கு 75,000 யூரோ அபராதம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது பணமே அல்ல. ஆனாலும் எந்த மேலதிகாரியும் நேரில் அறியாத ஊழியர்களைக்கூட ஒரு நிர்வாகக் கொள்கை துன்புறுத்த முடியும் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. 2025 ஜனவரியில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆட்குறைப்பு என்று சொல்லாமல் 'பெர்ஃபார்மன்ஸ் பிளான்' என்று ஒரு தாளைக் கொடுத்து மூன்று மாதத்தில் ஆளை அழ வைத்து அனுப்பும் வழக்கத்தை நம் ஊர் ஐ.டி. பூங்காக்களில் வேலை பார்க்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை மணி நேரம் வேலை பார்த்தால் ஆபத்து?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணக்கு இது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவரோடு ஒப்பிட்டால் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016-இல் மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இப்படி இறந்ததாக மதிப்பிட்டார்கள். காலை ஒன்பதுக்குப் போய் இரவு ஏழரைக்கு வீடு திரும்பும், சனிக்கிழமையும் வேலை இருக்கும் ஒருவர் வாரத்துக்கு எத்தனை மணி வேலை பார்க்கிறார் என்று கூட்டிப் பாருங்கள், அதில் ராத்திரி போன்களையும் சேருங்கள்.

ஜப்பானில் இப்படி இறப்பதற்கு 'கரோஷி' என்று பெயரே இருக்கிறது, அதைத் தடுக்க 2014-இல் தனிச் சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 2024-இல் புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே 26 வயதுப் பெண் இறந்துபோய், அவர் அம்மா எழுதிய கடிதம் வெளியான பிறகுதான் கொஞ்ச நாளைக்கு இதைப் பற்றிப் பேசினோம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்ததில் முதலில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். பேசினால் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நல்ல சம்பளம் கொடுத்தால் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்தானே?

ஓரளவுக்கு. 1996-இல் யோகன்னஸ் சீக்ரிஸ்ட் என்ற ஜெர்மானியர் இதை ஆராய்ந்தார். போடுகிற உழைப்புக்கும் கிடைப்பதற்கும் பொருத்தமே இல்லாமல் போவதுதான் நோயில் தள்ளுகிறது என்றார், கிடைப்பது என்பதில் சம்பளத்தோடு மதிப்பையும் வேலை நிரந்தரத்தையும் சேர்த்தார். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் சேர்ந்த செவிலியர்களை நினைவிருக்கும். வீட்டுக்குப் போகாமல், பிபிஇ உடைக்குள் வேர்த்துக் கொட்ட வேலை பார்த்தவர்கள். கைதட்டினோம், விளக்கு ஏற்றினோம். 2022 டிசம்பர் 31-ஓடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை, அவர்கள் புத்தாண்டன்று தெருவில் இறங்கிப் போராடினார்கள். உயிரைக் கொடுத்து உழைத்த இடத்தில் 'போய் வா' என்று சொல்லப்படும் வலிக்குச் சம்பளத்தில் மருந்து கிடையாது.

பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் இது கூடுதலாக இருக்கிறதா?

சந்தேகமே வேண்டாம். மேலே சொன்ன எல்லாமும் அவர்களுக்கு உண்டு, அதற்கு மேல் தனியாகவும் உண்டு. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார், கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதற்கு முன் அந்த ஆலைப் பெண்கள் அனுபவித்த கெட்ட வார்த்தைகளும் சீண்டல்களும் அப்போதுதான் வெளியே வந்தன. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் துணி வாங்கி விற்கும் ஹெச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று ஒன்றைப் போட்டது. தையல் லைனில் வேலை பார்க்கும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பார்கள், பாலியல் தொல்லையோடு சாதிக் கொடுமையும் அதில் சேரும். உற்பத்தி நெருக்கடிதான் சூப்பர்வைசரின் வாயில் கெட்ட வார்த்தையாக வருகிறது என்பதை அந்தப் பெண்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று மேலே ஒருவர் எழுதுகிறார், அது லைனில் வந்து சேரும்போது ஒரு பெண்ணின் சாதியாகவும் உடம்பாகவும் மாறிவிடுகிறது.

கம்பெனியில் யோகா, கவுன்சலிங் எல்லாம் வைக்கிறார்களே, அது போதாதா?

கவுன்சலிங் நல்லது, தேவைப்பட்டால் போங்கள். ஆனால் கூரை ஒழுகும்போது பாத்திரம் வைக்கிற வேலை அது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வேலையின் அமைப்பை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் இருந்த இடத்தில் மன அழுத்தம் பற்றிய வகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது, வராதவர்களுக்கு மெமோ.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையால் வரும் மனக் காயத்துக்கென்று நம் நாட்டில் ஒரே முழுச் சட்டம் கிடையாது. பிரிட்டனில் 2004-லிருந்தே வேலைப் பளு, சுதந்திரம், ஆதரவு, உறவுகள், பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம் என்று ஆறு விஷயங்களை முதலாளி கவனிக்க வேண்டும் என்று அரசுத் தரப்பில் தரம் வைத்திருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் 2010-லிருந்து மன நோய்களும் உண்டு. நம்முடைய 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் ஈய விஷமும் நுரையீரல் நோயும் இருந்தன, மனம் இல்லை.

ஆனால் துண்டு துண்டாகச் சில உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சின்ன இடங்களில் இருப்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இழப்பீட்டை முடிவு செய்யும்போது மன வேதனையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் வருட மனநலச் சட்டம் எல்லோருக்கும் அரசு மனநல சிகிச்சை பெறும் உரிமை தருகிறது, உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

இப்போது எனக்கு நடந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு என்ன செய்யட்டும்?

முதலில் ஒரு சாதாரண நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், யார், என்ன வார்த்தை, யார் கேட்டார்கள். அலுவலக லேப்டாப்பில் எழுத வேண்டாம், ஒரே நாளில் பிடுங்கிவிடுவார்கள். நான் இதைச் செய்யாமல் விட்டேன், பிறகு என் கதையை எனக்கே கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. நோட்டில் எழுதுவது சாட்சிக்கு மட்டும் இல்லை, 'நான்தான் மிகைப்படுத்துகிறேனோ' என்ற சந்தேகத்துக்கும் அதுதான் பதில் சொல்லும். வாயால் சொன்ன உத்தரவுகளை, "நீங்கள் இன்று சொன்னபடி..." என்று ஒரு வரி மெயிலாகப் போட்டு வையுங்கள்.

அப்புறம் டாக்டர். தூக்கம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள், மாவட்ட அரசு மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், இரவும் பகலும் தமிழிலும் பேசலாம். ராஜினாமா செய்வதா வேண்டாமா என்ற முடிவை மாதக் கடைசி ராத்திரியில் எடுக்காதீர்கள். முடிந்தால் நாலு நாள் லீவு போட்டு, தூங்கி எழுந்த பிறகு கையிருப்பையும் கடனையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

நான் டீம் லீடர். மேலே வாங்குவதைக் கீழே கொடுக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. என்ன செய்வது?

நானும் கொடுத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையனிடம் ஒரு மாதக் கடைசியில், "அப்பா காசுல படிச்சிட்டு வந்து இங்க தூங்குறியா" என்று கேட்டேன். அவனுக்கு அப்பா இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மன்னிப்புக் கேட்டேன், அவன் "பரவாயில்ல சார்" என்றான், ஆனால் அதற்குப் பிறகு என் அறைக்குள் வரும்போதெல்லாம் செருப்பு போட்ட காலை வாசலிலேயே ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் வருவான். மேலிருந்து வரும் எல்லாவற்றையும் நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் ரிவ்யூவில் கேட்ட வார்த்தைகளை அப்படியே இறக்காமல் எண்ணிக்கையை மட்டும் இறக்கலாம். இரவு எட்டு மணிக்கு மேல் உங்கள் ஆட்களுக்குப் போன் செய்யாமல் இருக்கலாம். யாரைப் பற்றியும் குழுவில் பேர் போட்டு எழுதாமல் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வேலையை விட்டு வந்துவிட்டேன். அப்புறமும் பயம் போகவில்லையே?

போகும், ஆனால் வேலையை விட்ட தேதியில் போகாது. உடம்பு தன் கணக்கில்தான் இறக்கிவைக்கும். பழைய ரிங்டோனை மாற்றிவிட்டேன், ஆனாலும் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவருடைய போன் அதே சத்தத்தில் அடித்தபோது என் கையிலிருந்த டம்ளர் ஆடியது. முதல் வருடம் மனநல மருத்துவரிடம் போனேன், எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அந்த ஆசிரியரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன், பாலிசியை முடிக்க மனு எழுதிக் கொடுத்தேன், அவருக்குப் பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. இப்போது நாலு வருடம் ஆகிறது, சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மார்ச் மாதம் மட்டும் 28-ஆம் தேதிக்கு மேல் தூக்கம் கெடுகிறது. மற்ற நாட்களில் எட்டரை மணிக்கெல்லாம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்துவிடுகிறோம், போன் அடுத்த அறையில் சார்ஜில் இருக்கும்.